பின்னா, நூலா, பசையா: வீட்டில் சின்ன நோட்டு கட்ட எந்த முறை?

கையில் இருப்பது இரட்டைத் தாளா, ஒற்றைத் தாளா? வீட்டிலேயே சின்ன நோட்டு கட்டலாம் என்று உட்காருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். யூடியூபைத் திறந்தால் ஜப்பான் தையல், காப்டிக் தையல், ஸ்பைரல், பசை பைண்டிங் என்று வரிசை கட்டி நிற்கும். எல்லாமே பார்க்க நன்றாக இருக்கும். கண்ணுக்குப் பிடித்த ஒன்றை எடுத்துச் செய்து பார்ப்பவர்கள் பலர், விரிக்க முடியாமல் முரண்டு பிடிக்கும் ஒரு நோட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தையலில் தப்பில்லை. அந்தத் தாளுக்கு அந்தத் தையல் ஒத்துவரவில்லை, அவ்வளவுதான்.

நடுவில் மடிப்போடு இரண்டு ஏடுகள் சேர்ந்தே இருந்தால் அது இரட்டைத் தாள். சென்டர் பின் போட்ட பள்ளிக்கூட நோட்டைப் பிரித்தால் கிடைக்குமே, அதுதான். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் எழுதாத பக்கங்களைப் பிரித்து ரஃப் நோட்டு கட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. கால்வாசிதான் எழுதிய நோட்டு என்றால், பின்னை நிமிர்த்தி எடுத்ததும் நடுவில் உள்ள தாள்கள் ஜோடியாக, முழு வெள்ளையாக வரும். பாதிக்கு மேல் எழுதிவிட்ட நோட்டில் ஒரு ஜோடிகூடத் தேறாது. வெள்ளை மிஞ்சியிருக்கும் ஒவ்வொன்றிலும் ஒரு ஏடு எழுதியதாக, மறு ஏடு வெள்ளையாக இருக்கும். கிழித்தால் ஒற்றைத் தாள்தான் மிச்சம். ஆபீஸ் பிரிண்ட் அவுட்டுகளும் ஒற்றைத் தாள்கள்தான், ஆனால் அவற்றை மடிக்க முடியும். அதைப் பிறகு பார்க்கலாம்.

இரட்டைத் தாளை மடிப்பில் பிடிக்கலாம். பின் அடித்தாலும் நூல் போட்டாலும், ஒரு ஏட்டை அதன் ஜோடி ஏடு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒற்றைத் தாளுக்கு அந்தப் பிடி இல்லை. ஓரத்தில் பசை தடவலாம், ஓரத்தில் துளை போட்டுக் கட்டலாம், அல்லது ஸ்பைரலில் கோர்க்கலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதுத் தாள் வாங்கிச் செய்வதாக இருந்தால் மூன்று துளைத் தையல்தான். மற்ற முறைகளுக்கும் வேலை உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வேண்டும். பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் யாரும் இதில் இறங்க வேண்டாம். ஆலையிலிருந்து நேரே ரோல் ரோலாகத் தாள் எடுத்து அச்சடிக்கிறவர்கள் விற்கும் விலையோடு நாம் போட்டி போட முடியாது. நமக்கு வேண்டிய அளவில், நமக்குப் பிடித்த தாளில், கோடு இல்லாமல் ஒரு நோட்டு கிடைக்கும் என்பதுதான் இதில் லாபம்.

தாளின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது?

செய்தித்தாளை ஒரு வாட்டில் கிழித்தால் ஸ்கேல் வைத்த மாதிரி நேராகக் கிழியும். மறுவாட்டில் கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். பொட்டலம் மடிக்கிற எந்த மளிகைக்கடைக்காரருக்கும் இது தெரியும். கரூர் பக்கம் புகளூரில் டிஎன்பிஎல் காகித ஆலை செய்கிற மாதிரி கரும்புச் சக்கைக் கூழாக இருந்தாலும் சரி, மரக்கூழாக இருந்தாலும் சரி, ஓடுகிற வலைமேல் கூழ் பாயும்போது நார்கள் ஓட்டத்தின் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. அந்தத் திசையில் மடித்தால் தாள் சொன்னபடி கேட்கும். குறுக்கே மடித்தால் மடிப்பு சொரசொரப்பாக வெடிக்கும், பக்கம் எழுந்து எழுந்து நிற்கும், பசை பட்டால் ஓரம் அலையலையாக நெளியும்.

கடையில் வாங்கும் ஏ4 தாள் 210 × 297 மி.மீ. பெரும்பாலான கட்டுகளில் நார் நீளவாட்டில், அதாவது 297 மி.மீ. பக்கத்துக்கு இணையாக ஓடும். எல்லோரும் செய்கிற மாதிரி ஏ4-ஐ அப்படியே பாதியாக மடித்து ஏ5 நோட்டு செய்தால், மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும். வீட்டில் கட்டும் நோட்டுகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அதே ஏ4-ஐ முதலில் இரண்டாக வெட்டுங்கள். 210 × 148 மி.மீ. துண்டு இரண்டு கிடைக்கும். ஒவ்வொன்றையும் பாதியாக மடித்தால் மடிப்பு நாரோடு சேர்ந்தே போகும். வருவது 105 × 148 மி.மீ., ஏ6 அளவு. சட்டைப் பையிலும் கைப்பையிலும் அடங்கும். ஆறு ஏ4 தாள் எடுத்தால் 12 இரட்டைத் தாள், 48 பக்கம். 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) தாளில் மொத்த எடை 30 கிராமுக்குள்தான். சின்ன நோட்டு என்றால் ஏ6 என்று நான் அடித்துச் சொல்வது பார்க்க லட்சணமாக இருக்கிறது என்பதற்காக அல்ல, நார் ஓடும் திசைக்காக.

வாங்கிய கட்டில் நார் எப்படி என்று சந்தேகம் இருந்தால், ஒரு தாளை மடிக்காமல் லேசாக வளைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். நீளவாட்டில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை. எந்த வளைவு எதிர்ப்பில்லாமல் அமுங்குகிறதோ அந்த வளைவின் மடிப்புக்கோட்டுத் திசையில் நார் ஓடுகிறது. மேலட்டைக்கும் இதே சோதனை பொருந்தும். கல்யாணப் பத்திரிகை அட்டை, பழைய மாதக் காலண்டரின் தடித்த தாள், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் பருத்திக் கழிவிலிருந்து செய்யும் கைக்காகிதம், எல்லாமே மேலட்டைக்கு ஆகும். கைக்காகிதத்தில் நார் எல்லாப் பக்கமும் கலந்து கிடப்பதால் எப்படி மடித்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது.

பின் அடிப்பது

வேகம் வேண்டுமா, பின்தான். தாளை அடுக்கு, மடி, விரித்துப் போட்டு முதுகில் இரண்டு பின் அடி, முடிந்தது. ஊசி எடுக்கவே பயப்படுகிறவர்களுக்கும் சின்னக் குழந்தைகளோடு உட்கார்ந்து செய்கிறவர்களுக்கும் இதைவிட எளிய வழி இல்லை.

ஒரே சிக்கல் ஸ்டேப்ளரின் கை நீளம். வீட்டில் இருக்கும் நம்பர் 10 ஸ்டேப்ளர் ஓரத்திலிருந்து 105 மி.மீ. உள்ளே எட்டாது. அதற்கென்றே நீளக்கை ஸ்டேப்ளர் விற்கிறார்கள், ஒன்றிரண்டு நோட்டுக்கு அதை வாங்குவது வீண் செலவு. ஸ்டேப்ளரின் அடிப்பகுதியைப் பின்னுக்கு மடக்கித் திறந்துவிடுங்கள். தாள்களை ஒரு பழைய ரப்பர் செருப்பின்மேல், மேலட்டை மேலே தெரிய விரித்து வைத்து, மடிப்புக்கோட்டில் ஸ்டேப்ளரை அழுத்துங்கள். பின்னின் கால்கள் செருப்புக்குள் இறங்கும். மெதுவாகத் தாளைத் தூக்கித் திருப்பி, ஸ்பூன் காம்பால் இரண்டு கால்களையும் உள்பக்கம் மடக்கிவிட வேண்டும். சின்னப் பின்னின் கால் 5 மி.மீ. அளவுதான். 12 தாளும் ஒரு மேலட்டையும் போக மடக்குவதற்குக் கொஞ்சம்தான் மிஞ்சும், 20 தாள் வைத்தால் பிடிமானம் போதாது.

குறை என்னவென்றால் துரு. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலம் போதும், பின்னைச் சுற்றிப் பழுப்புக் கறை இறங்கிவிடும். கறை பட்ட இடத்தில் தாளும் நொய்ந்துபோகும். மளிகைக் கணக்கு எழுதித் தூக்கிப் போடுகிற நோட்டுக்கு இது ஒரு பொருட்டில்லை. டைரிக்குப் பின் வேண்டாம்.

மூன்று துளைத் தையல்

இதற்குத் தேவை ஒரு ஊசி, கொஞ்சம் நூல், துளை போட ஒரு கூரான கம்பி. சாதாரணத் தையல் நூலை நான்கு இழையாகச் சேர்த்து மெழுகுவர்த்தியின்மேல் இரண்டு முறை இழுத்தால் போதும், முறுக்கு விழாது, முடிச்சும் வழுக்காது. நூலின் நீளம் நோட்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கு.

மடித்த தாள்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மேலட்டையை வெளியே போர்த்தி, மேல் ஓரத்தைத் தட்டி நேராக்குங்கள். விரித்து வைத்து, உள்மடிப்பில் நடுவே ஒரு துளை. மேலிருந்து இரண்டரை சென்டிமீட்டரில் ஒன்று, கீழிருந்து இரண்டரை சென்டிமீட்டரில் ஒன்று. கம்பி மடிப்புக்கோட்டிலேயே இறங்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் முதுகில் துளைகள் கோணலாகத் தெரியும்.

இனி தையல். உள்ளேயிருந்து நடுத்துளை வழியாக வெளியே வாருங்கள், உள்ளே ஒரு விரல்நீள வால் மிச்சமிருக்கட்டும். வெளிப்பக்கமாக மேலே போய் மேல் துளையில் நுழையுங்கள். உள்ளே வந்ததும் நடுத்துளையைத் தொடாமல் நேராகக் கீழ்த்துளைக்கு இறங்கி வெளியே போங்கள். வெளிப்பக்கமாக மீண்டும் நடுத்துளைக்கு ஏறி உள்ளே வாருங்கள். இப்போது இரண்டு வால்களும் உள்ளே நடுவில் இருக்கும், அவற்றுக்கு இடையே நீள நூல் ஒன்று மேலிருந்து கீழாக ஓடும். ஒரு வால் அந்த நூலுக்கு இடப்பக்கம், மற்றது வலப்பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே பக்கம் இருந்தால் முடிச்சு நீள நூலைப் பிடிக்காது, நாளடைவில் தொளதொளத்துவிடும். நூலை இழுக்கும்போது மடிப்பின் திசையிலேயே இழுக்க வேண்டும். எதிர்த்து மேல்நோக்கி வெட்டி இழுத்தால் துளை கிழியும்.

இப்படித் தைத்த நோட்டு மேஜையில் வைத்தால் தானாக விரிந்து கிடக்கும். ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுத வேண்டியதில்லை. நான் இந்த முறையின் பக்கம் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது, தாள் தீர்ந்தால் முடிச்சை அவிழ்த்து உள்ளே புதுத் தாள் வைத்து அதே மேலட்டையில் தைத்துக்கொள்ளலாம். துரு இல்லை, பசை காயக் காத்திருக்கும் வேலையும் இல்லை.

எல்லை எங்கே என்றால், தாளின் எண்ணிக்கையில். 12 தாள் வரை சௌகரியம். 20 ஆனால் உள் தாள்கள் ஓரத்தில் ஓரிரு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். இது இன்று நேற்று வந்த தொல்லை இல்லை. எகிப்தில் நாக் ஹம்மாதி அருகே 1945-ல் கிடைத்த 4-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் நூல்களில் பெரும்பாலானவை எல்லாத் தாளையும் ஒரே செக்‌ஷனாக, அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக ஒரே அடுக்காக, மடித்துக் கட்டியவை. உள் ஏடுகள் வெளி ஏடுகளைவிட அகலம் குறைவாக இருக்கின்றன. நம் வீட்டில் ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புது பிளேடு போட்ட கட்டரால் பல முறை லேசாக இழுத்தால் ஓரம் நேராகிவிடும். ஒரே இழுப்பில் வெட்டப் பார்த்தால் ஸ்கேல் நகரும். மை பேனாவால் எழுதுகிறவர்கள் 90, 100 ஜிஎஸ்எம் தாள் எடுத்து எட்டுத் தாளோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

ஒற்றைத் தாள் மட்டும் இருந்தால்

பரீட்சை ஹாலில் அடிஷனல் ஷீட் கட்டிய நூல் ஞாபகம் இருக்கிறதா? ஓரத்தில் துளை, அதில் ஒரு வெள்ளை நூல், ஒரு முடிச்சு. ஒற்றைத் தாள் கட்டுவதில் அதுதான் அடிப்படை. நம் ஓலைச்சுவடிகளும் ஒற்றை ஏடுகளைத் துளையில் கயிறு கோர்த்துக் கட்டியவைதான். கயிறு தளர்வாக இருந்ததால் ஏட்டைத் தள்ளித் தள்ளிப் படிக்க முடிந்தது. ஜப்பான் தையல் என்று இணையத்தில் பிரபலமாக இருக்கும் நான்கு துளைத் தையல் அப்படியில்லை. ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளித் துளை போட்டு, முதுகைச் சுற்றிச் சுற்றி இறுக்கிக் கட்டுகிறது. முதுகில் வரும் கட்டம் கட்டமான நூல் வரிசை பார்க்க அமோகமாக இருக்கும். ஆனால் ஏ6 தாளில் 105 மி.மீ. அகலத்தில் ஒரு சென்டிமீட்டர் கட்டுக்குப் போய், அதையொட்டி இன்னொரு சென்டிமீட்டர் வளைவில் போய்விட்டால் எழுத என்ன இருக்கிறது? நோட்டும் விரியாது. கையை எடுத்தால் டப்பென்று மூடிக்கொள்ளும்.

கிழக்காசியாவில் இந்தத் தையலை மென்மையான தாளுக்குப் பயன்படுத்தினார்கள். ஒருபக்கம் மட்டும் அச்சடித்து, அச்சு வெளியே தெரிய இரண்டாக மடித்து, மடிப்பைப் புரட்டும் ஓரத்திலும் வெட்டுவாயை முதுகிலும் வைத்துத் தைத்தார்கள். தாள் துணி மாதிரி வளைந்து கொடுத்தது. விறைப்பான ஜெராக்ஸ் பேப்பர் அப்படி வளையாது.

ஆனால் அந்த மடிப்பில் நமக்கு ஒரு உபயோகம் இருக்கிறது. ஒருபக்கம் அச்சான ஆபீஸ் பிரிண்ட் அவுட்டுகளை ஏ5 துண்டாக வெட்டி, அச்சான பக்கம் உள்ளே போகும்படி மடியுங்கள். மடிப்பு வெளி ஓரத்தில் இருக்க, முதுகுப் பக்கம் தையுங்கள். அச்சான பக்கம் பை மாதிரி உள்ளே மூடிக்கொள்ளும், வெளியே தெரிவது எல்லாம் வெள்ளை. ரஃப் நோட்டுக்கு இதைவிடத் தோதான வழி எனக்குத் தெரியாது. பேங்க் ஸ்டேட்மென்ட்டை மட்டும் இப்படி மடித்து யாருக்கும் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள், எட்டிப் பார்த்தால் எல்லாம் தெரியும்.

பசை பைண்டிங் ஒற்றைத் தாளுக்கு நல்ல மாற்று, குறிப்பாக ஒவ்வொன்றாகக் கிழித்துத் தரும் பேடுக்கு. தாள்களை இரண்டு ஸ்கேலுக்கு நடுவே முதுகு மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டும்படி கிளிப் போட்டு, ஃபெவிகால் தடவி, காய்ந்ததும் இன்னொரு பூச்சு. பேடுக்கு இது போதும். புரட்டி எழுதும் நோட்டாக வேண்டுமென்றால், பசை தடவும்போது அடுக்கை ஒரு பக்கம் விசிறி மாதிரிச் சாய்த்துத் தடவி, பிறகு மறுபக்கம் சாய்த்துத் தடவ வேண்டும். ஒவ்வொரு தாளுக்கும் இடையே ஒரு மயிரிழை பசை இறங்கி, தாளோடு தாள் பிடித்துக்கொள்ளும். மேலே மருந்துக்கடையில் வாங்கும் காஸ் துணியை ஒட்டினால் முதுகு உரியாது. ஒரு இரவு பாரம் வைத்துக் காயவிட வேண்டும். நார் குறுக்கே ஓடும் தாளை இதில் வைத்தால் முதுகு நெளிந்துவிடும், ஆகவே ஏ4-ஐப் பாதியாக வெட்டிய ஏ5 பேடு வேண்டாம். ஏ6 அல்லது முழு ஏ4.

பைண்டிங் கடைகளில் இதற்கு மைதாப் பசை காய்ச்சி, பூச்சி அண்டாமல் இருக்க மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பார்கள். துத்தம் விஷம், குழந்தைகள் நடமாடும் வீட்டில் அந்த வேலை வேண்டாம். துத்தம் கலக்காத மைதாப் பசை என்றால் கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் விருந்து. ஃபெவிகாலே போதும்.

ஸ்பைரலுக்கு ஜெராக்ஸ் கடைக்குத்தான் போக வேண்டும். தாளின் விலையைவிட பைண்டிங் கூலி கூடுதலாகிவிடும். ஆனால் முழுதாகப் பின்னால் மடக்கி எழுதலாம், நார் எந்தப் பக்கம் ஓடினாலும் கவலையில்லை. நின்றுகொண்டே எழுதுகிறவர்களுக்கும் படம் வரைகிற பிள்ளைகளுக்கும் நல்லது. இடது கையால் எழுதுகிறவர்கள் சுருளை மேல்பக்கம் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வரியிலும் கை அதில் இடிக்கும். பைக்குள் போட்டால் சுருள் நசுங்கும்.

எந்தக் கட்டும் இல்லாத வழியும் ஒன்று உண்டு. ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரே ஒரு வெட்டு போட்டு, தள்ளி மடித்தால் 74 × 105 மி.மீ. அளவில் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம். ஒருபக்கம் அச்சான தாளாக இருந்தாலும் அச்சான பக்கம் உள்ளே மறைந்துவிடும். கடைக்குப் போகும் லிஸ்ட்டுக்கு அது போதும்.

தடி நோட்டு வேண்டுமென்றால்

இருநூறு பக்கத்துக்கு மேல், விரிந்தும் கிடக்க வேண்டும் என்றால் காப்டிக் தையல். எகிப்தின் ஆதிக் கிறிஸ்தவர்கள் கையாண்ட முறை. நான்கைந்து இரட்டைத் தாள் கொண்ட செக்‌ஷன்களைத் தனித்தனியாக மடித்து, ஒன்றின் நூலை முந்தையதன் நூலில் மாட்டி மாட்டிச் சங்கிலியாகத் தைத்துக்கொண்டே போவது. முதுகில் பசையே இல்லை, அதனால்தான் முழுதாக விரிகிறது. மேலட்டைக்குத் தினசரிக் காலண்டரின் பின்னட்டை அளவெடுத்து வெட்டினால் கச்சிதமாக இருக்கும். சாமி படத்தை வெட்ட மனசு வராதவர்கள் ஷூ டப்பா அட்டை எடுத்துக்கொள்ளலாம்.

பிரச்சினை நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் முழுதாகப் போய்விடும். ஒரு செக்‌ஷனில் நூல் தளர்ந்தாலும் மொத்த முதுகும் ஆடும். மூன்று துளைத் தையலில் கை பழகாமல் இதில் இறங்குவது நல்லதில்லை. தவிர, ஒரு தடி நோட்டுக்குப் பதிலாக 48 பக்க நோட்டு நான்கைச் செய்து ஒரே துணி உறைக்குள் ரப்பர் பேண்டில் கோர்த்துக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்குப் போதும். வீட்டுக் கணக்கு ஒன்றில், படித்த குறிப்பு ஒன்றில் என்று பிரித்தும் வைத்துக்கொள்ளலாம்.

பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்ட்டுக்கு முப்பது நாற்பது நோட்டு என்று யாராவது கேட்டால், வீட்டில் தைக்க உட்காராதீர்கள். தாளையும் மேலட்டையையும் வாங்கி மடித்து அடுக்கி, பக்கத்து அச்சகத்தில் கொடுத்து சென்டர் பின் அடித்து மூன்று பக்கமும் கட்டிங் போட்டு வாங்கிவிடுங்கள். கட்டிங் மிஷின் வெட்டும் ஓரம் வீட்டுக் கட்டரில் ஒருநாளும் வராது. ஏ4 கட்டை அங்கேயே இரண்டாக வெட்டி மடித்துத் தரச் சொல்வதானால், மடிப்பு 148 மி.மீ. பக்கத்துக்கு இணையாக வர வேண்டும் என்பதைத் தாளில் கோடு போட்டுக் காட்டிவிட்டு வாருங்கள். வாயால் மட்டும் சொல்லிவிட்டு வந்தால், அவர்கள் பழக்கப்படி ஏ5 ஆகவே மடித்து வைத்திருப்பார்கள்.